ஊர்ப் பொதுவில் ஒரு புதிய சொத்து

(திருப்பூர் ராயபுரத்தில், சுற்றுவட்டாரக் கிராமங்களைச் சேர்ந்த ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பொதுச் சொத்து என்று சொன்ன மாத்திரத்தில் நம் நினைவுக்கு வருபவை ஏரி, குளம், மேய்ச்சல் நிலம், நெற்களம், சாவடி ஆகியவை. இவற்றை ஊரார் யாவரும் அனுபவிக்கலாம். ஊரார் யாவரும் காக்கவும் கடமைப்பட்டவர்கள். இந்த வரிசையில் நம் காலத்தில் புதிதாக ஒரு சொத்து வந்து சேர்ந்திருக்கிறது. கட்டற்ற மென்பொருள் என்பது அதன் பெயர். திறந்த மூல மென்பொருள் என்றும் அதனைக் கூறுவர். அதைப் பற்றிச் சில செய்திகளைத் தங்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

கணிப்பொறியைப் பற்றிய பேச்சு உழவர்க்கும் ஊராட்சிக்கும் எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். ஊராட்சியின் திட்டமும் வரவு செலவும் இன்று கணிப்பொறியில் ஏறிவிட்டன. மத்திய அரசு 2020ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள் தொடங்கிய இ-கிராம் சுவராஜ் என்னும் அமைப்பின் வாயிலாக அவை பதிவாகின்றன. பட்டாவும் சிட்டாவும் கணிப்பொறியிலிருந்தே வருகின்றன. பனியன் கம்பெனிகளில் பாடுபடும் நம் பிள்ளைகளின் கூலிக் கணக்கும் பல இடங்களில் அதற்குள்தான் இருக்கிறது. முன்னாளில் கணக்குப்பிள்ளையின் ஏட்டைப் படிக்கத் தெரியாதவர் அவர் சொன்னதையே நம்ப வேண்டியிருந்தது. இந்நாளில் கணிப்பொறி காட்டுவதையே நம்ப வேண்டியவர்களாக நாம் ஆகிவிடலாகாது. ஆதலின் இந்தப் பொருள் நம்முடைய பொருளேயாகும்.

மென்பொருள் என்பது யாது?

திருப்பூர் வட்டாரத்து மக்களுக்கு இதனை எளிதில் விளக்கலாம். தைத்து முடித்த பனியன் ஒன்று கடையில் கிடைக்கிறது. அதை வாங்கி அணியலாம். அதைத் தைக்குமுன் துணியை எந்த அளவில், எந்த வளைவில் வெட்ட வேண்டும் என்று காட்டும் அளவு அட்டை ஒன்று இருந்தது அல்லவா? அந்த அட்டை கையில் இருந்தால் அதே பனியனை நூறு தைக்கலாம், தோளை அகலமாக்கலாம், கழுத்தை மாற்றலாம், சிறுவர்க்கு ஏற்பக் குறைக்கலாம். அட்டை இல்லாதவர், கடைக்காரர் தருவதை அணிந்துகொள்ள வேண்டியதுதான்.

கணிப்பொறிக்கு இன்னது செய் என்று கட்டளையிடும் எழுத்துத் தொகுதியே மென்பொருள். அதனை மனிதர் படித்து அறியத்தக்க வடிவில் எழுதியிருப்பதை மூலநிரல் என்பர். அதுவே நாம் சொன்ன அளவு அட்டை. விற்பனைக்கு வரும் மென்பொருள்கள் பலவற்றில் தைத்த பனியன் மட்டுமே நம் கைக்கு வருகிறது. அட்டை விற்றவரின் பெட்டிக்குள் இருந்துவிடுகிறது. கட்டற்ற மென்பொருளிலோ பனியனோடு அட்டையும் சேர்ந்து வருகிறது. விருப்பம்போல் பயன்படுத்தலாம், உள்ளே பார்த்து அறியலாம், படியெடுத்துப் பிறருக்கு வழங்கலாம், நமக்கேற்பத் திருத்தலாம். இந்த நான்கு உரிமைகளையும் தருவதே கட்டற்ற மென்பொருள். விலை இல்லை என்பது அதன் இலக்கணம் அன்று. அதைக் காசுக்கு விற்பதற்கும் தடையில்லை. உரிமையே அதன் இலக்கணம்.

இந்த உரிமை இல்லாவிடில் நேரும் இடர் என்ன? ஒரு கூட்டுறவுச் சங்கம் எவரிடமோ ஒரு மென்பொருளை வாங்கிப் பத்தாண்டுக் கணக்கை அதில் ஏற்றியது என்று வைத்துக்கொள்வோம். விற்றவர் தொழிலை விட்டுவிடுகிறார். அல்லது ஆண்டுக் கட்டணத்தை இரட்டிப்பாக்குகிறார். சங்கத்தின் கணக்கு சங்கத்தின் அறையிலேயே இருக்கிறது; ஆயினும் அதைத் திறக்கும் சாவி வேறொருவர் இடுப்பில் தொங்குகிறது. நம் கணக்கை நாமே திறந்து பார்க்க இயலாத நிலைக்கு அடிமைத்தனம் என்பதைத் தவிர வேறு பெயர் உண்டோ?

விதைப் பங்கீடும் நிரல் பங்கீடும்

இந்தக் கருத்து தோன்றிய வரலாறும் அறியத்தக்கது. அமெரிக்காவில் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வுக் கூடத்தில் பணியாற்றியவர் ரிச்சர்டு ஸ்டால்மன். 1980ஆம் ஆண்டை ஒட்டி அங்கே புதிய அச்சுப்பொறி ஒன்று வந்தது. அதில் தாள் அடிக்கடி சிக்கிக்கொண்டது. பழைய பொறியின் நிரல் கையில் இருந்தமையால், தாள் சிக்கினால் உரியவருக்கு உடனே அறிவிக்கும்படி அதனை அவர்கள் திருத்தி வைத்திருந்தனர். புதிய பொறியின் மூலநிரல் அவர்களுக்குத் தரப்படவில்லை. ஆகவே பழுது கண்முன் தெரிந்தும் நீக்க இயலவில்லை. இத்தகைய அனுபவங்களின் பயனாக, 1983ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் நாள் குனூ என்னும் திட்டத்தை அவர் அறிவித்தார். 1991இல் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், கணிப்பொறியின் அடிப்படை இயக்கத்திற்கான நிரலை எழுதி யாவரும் பார்க்குமாறு வெளியிட்டார். லினக்ஸ் என வழங்குவது அதுவே. நம் பிள்ளைகளின் கையிலுள்ள ஆண்டிராய்டு கைப்பேசிகளுக்கும் அடித்தளமாக இருப்பது அந்த லினக்ஸ்தான்.

இவ்வகை மென்பொருள்கள் பலவற்றிற்கு ஒரு நிபந்தனை உண்டு. நிரலைத் திருத்தியவர் அதனைப் பிறருக்கு வழங்குவாராயின், பெறுபவர்க்கு மூலநிரலையும், தாம் பெற்ற அதே உரிமைகளையும் சேர்த்தே வழங்க வேண்டும். பொதுக் கிணற்றில் நீர் எடுத்தவர் அதற்குத் தனி வேலி போடக் கூடாது என்பது போன்றது இது.

விவசாயிகளுக்கு இது புதிய நெறியன்று. திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கத்தில் பாரம்பரிய நெல் வகைகளைக் காத்த நெல் ஜெயராமனைத் தாங்கள் அறிவீர்கள். 2018இல் அவர் மறைந்தார். அங்கே நடந்த நெல் திருவிழாவில் விவசாயி ஒருவருக்கு இரண்டு கிலோ விதை நெல் வழங்கப்பட்டது. அடுத்த ஆண்டு அவர் நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்பது ஏற்பாடு. விதை பரவியது, களஞ்சியமும் குறையவில்லை. நிரலுக்கு இதனினும் வசதி ஒன்று உண்டு. எத்தனை பேருக்குப் பங்கிட்டாலும் கொடுத்தவர் கையில் உள்ளது குறைவதில்லை.

கழகங்கள் வளர்த்த கலை

விதை தானே முளைத்துவிடாது; உழுது நீர் பாய்ச்சுவோர் வேண்டும். கட்டற்ற மென்பொருளுக்கு அந்தப் பணியைச் செய்து வந்தவை பெரும்பாலும் சிறு சிறு கணிப்பொறிக் கழகங்கள். 1975ஆம் ஆண்டு மார்ச்சு 5ஆம் நாள் கலிபோர்னியாவின் மென்லோ பார்க் என்னும் ஊரில், ஒருவர் வீட்டு மோட்டார்க் கொட்டகையில் கணிப்பொறி ஆர்வலர்கள் சிலர் கூடினர். தாம் கற்றதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுப்பதே அக்கூட்டத்தின் நோக்கம். ஹோம்புரூ கணிப்பொறிக் கழகம் என வரலாற்றில் இடம்பெற்றது அது. சுவீடனின் வடபகுதியிலுள்ள ஊமியோ பல்கலைக்கழக மாணவர்களின் கணிப்பொறிக் கழகத்தையும் சொல்லலாம். 1993இல் தொடங்கிய டெபியன் என்னும் லினக்ஸ் தொகுப்பின் பிரதிகளைத் தன் கணிப்பொறிகளில் வைத்திருந்து, உலகெங்கும் கேட்பவர்க்கு வழங்கி வருகிறது அக்கழகம். மாணவர் கழகம் ஒன்று உலகத்திற்கே தண்ணீர்ப் பந்தல் வைத்தது போன்ற செயல் இது.

நம் தமிழ்நாட்டிலும் இத்தகைய பணிகள் நடந்திருக்கின்றன. சென்னையில் லினக்ஸ் பயனர் குழுவினர் பல ஆண்டுகள் மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமைதோறும் கூடி, அறிந்தவர் அறியாதவர்க்குக் கட்டணமின்றிக் கற்பித்தனர். அத்தகைய கூட்டங்களில் பழகியவர்களுள் ஒருவரான த. சீனிவாசன், நண்பர்களோடு சேர்ந்து 2012இல் கணியம் என்னும் இதழைத் தொடங்கினார். கட்டற்ற மென்பொருள் பற்றிய பாடங்கள் அதில் எளிய தமிழில் வெளிவரலாயின. ஆங்கிலத்திற்கு அஞ்சி நின்ற மாணவர் பலருக்கு அவை கதவைத் திறந்துவிட்டன. விழுப்புரத்தில் இயங்கும் லினக்ஸ் பயனர் குழு, சுற்றுப்புறக் கிராமங்களின் மாணவ மாணவியர்க்கு இக்கலையை இலவசமாகக் கற்பித்து வருகிறது. பெருநகரத்தில்தான் இது இயலும் என்று எண்ணுவோர் விழுப்புரத்தைப் பார்க்கட்டும்.

கணிப்பொறியில் தமிழ் நிலைபெற்ற வரலாற்றிலும் இத்தகைய தன்னார்வலர்களின் உழைப்பு கலந்திருக்கிறது. 1999இல் தமிழக அரசு தமிழ்99 என்னும் விசைப்பலகை முறையை அறிவித்தது. அரசு முறையை அறிவித்தால் மட்டும் போதாது. வீட்டிலுள்ள கணிப்பொறியில் அது இயங்க வேண்டுமே! முகுந்தராஜும் தமிழா என்னும் தன்னார்வக் குழுவினரும் எ-கலப்பை என்ற தட்டச்சுக் கருவியை உருவாக்கி இலவசமாக வழங்கினர். உழவர் கருவியின் பெயரை அதற்கு இட்டது எத்துணைப் பொருத்தம்! அதிராம்பட்டினத்தைச் சேர்ந்த உமர் தம்பி, தேனீ என்னும் எழுத்துருவை ஆக்கி விலையின்றி அளித்தார். 2006இல் அவர் காலமானார். தமிழில் தட்டச்சு செய்து கடிதம் அனுப்பும் ஒவ்வொருவரும் இத்தகையோரின் உழைப்பை ஏதோ ஒரு வகையில் அனுபவிக்கின்றனர்.

நமக்கு என்ன பயன்?

முதலாவது, நம் ஏடுகள். லிபர் ஆபீஸ் என்னும் கட்டற்ற மென்பொருளில் கடிதம் எழுதலாம், பட்டியல் இடலாம், கணக்குப் போடலாம், திரையிலுள்ள சொற்களையும் தமிழிலேயே வைத்துக்கொள்ளலாம். அது கோப்புகளைச் சேமிக்கும் முறை 2006இல் சர்வதேசத் தர நிறுவனத்தால் ஏற்கப்பட்ட திறந்த முறை. இருபது ஆண்டுகளுக்குப் பிறகு வேறொரு மென்பொருள் வந்தாலும், அந்த முறை வெளிப்படையாக இருப்பதால் அதைப் படித்துக் கணக்கைத் திறக்க வழி உண்டு.

இரண்டாவது, நம் வரைபடங்கள். எந்தத் தெருவில் குடிநீர்க் குழாய் எங்கே புதைந்திருக்கிறது, வால்வு எங்கே உள்ளது என்பது பல ஊர்களில் குழாய் திறப்பவர் ஒருவருக்கே தெரியும். அவர் ஓய்வு பெற்றால் அந்த அறிவும் அவரோடு போய்விடும். க்யூஜிஐஎஸ் என்னும் கட்டற்ற மென்பொருளை 2002இல் அலாஸ்காவில் கேரி ஷெர்மன் என்பவர் தொடங்கினார். இன்று பல நாட்டு அரசு அலுவலகங்கள் அதனைக் கையாளுகின்றன. அதில் நம் ஊர்க் குழாய், தெருவிளக்கு, கிணறு, ஓடை யாவற்றையும் குறித்து வைக்கலாம். 2015 டிசம்பரில் சென்னையை வெள்ளம் சூழ்ந்தபோது, ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் என்னும் பொது வரைபடத்தில் நீர் புகுந்த தெருக்களை மக்களே குறித்தனர்.

மூன்றாவது, நம் தொழில். திருப்பூரில் துணி பின்னுவது ஓரிடம், சாயம் ஏற்றுவது ஓரிடம், வெட்டித் தைப்பது ஓரிடம், மடித்துக் கட்டுவது வேறோரிடம். பல கைகள் பங்கிட்டுக்கொண்டு ஒரு பனியனை ஆக்கும் இந்த ஊருக்கு, பல கைகள் பங்கிட்டுக்கொண்டு ஒரு நிரலை ஆக்கும் முறை அயலாகத் தோன்றாது. ஜாப் ஒர்க் செய்யும் சிறு தொழிலாளி, எத்தனை டஜன் வந்தது, எத்தனை போயிற்று, யாருக்குக் கூலி பாக்கி என்று எழுதி வைக்க, இந்தியாவிலேயே உருவான இஆர்பிநெக்ஸ்ட் என்னும் கட்டற்ற மென்பொருள் உண்டு. ஆடையின் அளவு அட்டையை வரைவதற்கு வாலண்டினா என்னும் மென்பொருளும், எம்பிராய்டரிப் பொறிக்கு வடிவம் அமைக்க இங்க்ஸ்டிச் என்னும் மென்பொருளும் உள்ளன.

நான்காவது, பழைய பொறிகளின் மறுவாழ்வு. விண்டோஸ் 10 என்னும் இயக்க மென்பொருளுக்கான பொதுப் பராமரிப்பு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிவுற்றது. அதற்கு அடுத்த பதிப்பை ஏற்க இயலாத பழைய கணிப்பொறிகள் பல உண்டு. அவற்றில் பெரும்பாலானவை லினக்ஸ் ஏற்றினால் இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும். தமிழக அரசு 2011இல் தொடங்கிய திட்டத்தின்கீழ் மாணவர்க்குத் தந்த மடிக்கணினிகள் பலவற்றில், சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இடம்பெற்றிருந்தது. அலமாரியில் தூசி படிந்து கிடக்கும் அத்தகைய பொறிகளை எடுத்துப் பார்க்கலாம்.

அரசுகளும் இவ்வழியை அறிந்தே இருக்கின்றன. எல்காட் நிறுவனம் 2007 வாக்கில் தன் அலுவலகக் கணிப்பொறிகளை லினக்சுக்கு மாற்றியது. கேரளத்துப் பள்ளிகளில் கட்டற்ற மென்பொருளைக் கொண்டே கணிப்பொறிப் பாடம் நடத்தப்படுகிறது. மத்திய அரசு 2015இல் திறந்த மூல மென்பொருளுக்கு முன்னுரிமை தரும் கொள்கையை வெளியிட்டது.

மராமத்து இன்றேல் பொதுச் சொத்து இல்லை

இனி, மறைக்காமல் சொல்ல வேண்டிய சிலவும் உள. கட்டற்ற மென்பொருளுக்கும் செலவு உண்டு. கற்க நாள் ஆகும். பழுது வந்தால் பார்ப்பவர் வேண்டும். சில அச்சுப்பொறிகள் அதனோடு உடனே இணங்குவதில்லை. கணக்கரும் தணிக்கையாளரும் வேறு மென்பொருளில் பழகியிருந்தால் அவர்களோடு ஒத்துப்போகவும் வழி காண வேண்டும். அரசு வகுத்துத் தந்துள்ள வரவு செலவு அமைப்புகளை ஊராட்சி தன் விருப்பப்படி மாற்றவும் இயலாது. நாம் பேசுவது, நம் பொறுப்பில் நாமே வைத்துக்கொள்ளும் ஏடுகளையும் வரைபடங்களையும் பற்றியே.

இவற்றினும் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. எல்லாருக்கும் பொதுவானதை எவரும் கவனியாது விடுவதே அது. 2024ஆம் ஆண்டு மார்ச்சில் உலகம் அதனைக் கண்டது. எக்ஸ்இசட் என்பது கோப்புகளைச் சுருக்கி வைக்க உதவும் சிறிய கட்டற்ற மென்பொருள். உலகெங்கும் எண்ணற்ற லினக்ஸ் கணிப்பொறிகளில் அது இருக்கிறது. பின்லாந்தைச் சேர்ந்த ஒருவர் ஊதியம் ஏதுமின்றிப் பல ஆண்டுகள் ஏறக்குறையத் தனியராகவே அதனைப் பராமரித்து வந்தார். அவர் களைத்திருந்த காலத்தில், உதவுவதாக ஒருவர் புனைபெயரில் வந்து சேர்ந்தார். ஈராண்டுக்கு மேல் நல்ல முறையில் உழைத்து நம்பிக்கை பெற்றார். பின்னர், பிறர் கணிப்பொறிக்குள் திருட்டுத்தனமாக நுழைவதற்கு ஒரு கள்ள வழியை அதில் ஒளித்து வைத்தார்.

அந்தக் கள்ள வழி எவ்வாறு வெளிப்பட்டது? ஆண்டிரஸ் பிராயண்டு என்னும் பொறியாளர், தம் கணிப்பொறிக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாகிறதே என்று ஐயுற்றுத் தேடிப் பார்த்தார். பிழை பரவுமுன் பிடிபட்டது. இதில் இரண்டு பாடங்கள் உள. நிரல் திறந்திருந்தமையால், தொடர்பில்லாத ஒருவரும் உள்ளே புகுந்து கள்ளத்தைக் கண்டறிய முடிந்தது. ஆனால், உலகமே பயன்படுத்திய ஒன்றைத் தாங்கும் சுமை ஒரு தனி மனிதர் தோளில் விடப்பட்டிருந்தமையே கள்ளம் புகுவதற்கும் வழியாயிற்று.

ஏரியின் கதையும் இதுதானே? ஏரியில் பாய்ச்சல் பெறுவோர் நூறு பேர். கரையில் நண்டு வளை விழுந்ததைக் கவனிப்பவர் ஒருவரே என்றால் அந்த ஏரி எத்தனை மழைக்குத் தாங்கும்? அதனால்தான் நம் முன்னோர் குடிமராமத்து என்ற ஏற்பாட்டை வைத்திருந்தனர். பாசனம் பெறுவோர் வீட்டுக்கு ஓர் ஆளாக வந்து கரையை உயர்த்தினர், வாய்க்காலைத் தூர்வாரினர். நிரலுக்கும் குடிமராமத்து வேண்டும். எடுப்பவர் ஏதேனும் ஒன்றைத் திருப்பித் தர வேண்டும்.

நாம் செய்யத்தக்கவை

முதற்கண், ஒவ்வோர் ஊராட்சி ஒன்றியத்திலும் ஊர்ப்புற நூலகத்தையோ பள்ளியையோ இடமாகக் கொண்டு ஒரு கணிப்பொறிக் கழகத்தை அமைக்க முயலலாம். பழைய பொறிகள் நான்கு, மின் இணைப்பு, வாரம் ஒரு மாலை, கற்பிக்க முன்வரும் இளைஞர் இருவர். தொடக்கத்திற்கு இவ்வளவு போதும். ஷிப்டு முடிந்து வரும் பனியன் தொழிலாளரும் பெண்களும் வருவதற்கு ஏற்ற நாளையும் நேரத்தையும் தேர்ந்துகொள்வது அவசியம்.

இரண்டாவதாக, கழகத்திற்கு ஊராட்சியே ஒரு வேலையைத் தர வேண்டும். ஊர்க் குழாய்களின் வரைபடம், மரங்களின் பட்டியல், வாய்க்கால்களின் பதிவு என ஏதேனும் ஒன்றை எடுத்துக்கொள்ளட்டும். தெருத் தெருவாக நடந்து, முதியோரைக் கேட்டு, இளைஞர் அதனை ஆக்கட்டும். முடிந்ததைக் கிராம சபையில் மக்கள் முன் படித்துக் காட்டட்டும். பிழை இருந்தால் ஊரார் அங்கேயே திருத்துவர். ஆனால் தனியாரின் பெயர், தொலைபேசி எண், ஆதார் எண் போன்றவற்றைப் பொதுவில் வைக்கலாகாது. திறந்திருக்க வேண்டியது நிரல். குடும்பத்தின் அந்தரங்கம் அன்று.

மூன்றாவதாக, ஊராட்சியோ சங்கமோ எவரிடமேனும் மென்பொருள் செய்வித்தால் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பதிலை எழுத்தில் பெற வேண்டும். மூலநிரலை எங்களுக்குத் தருவீர்களா? எங்கள் கணக்கு முழுவதையும் நாங்கள் வேண்டும்போது திறந்த முறையில் எடுத்துக்கொள்ள இயலுமா? நீங்கள் விலகினால் வேறொருவர் பராமரிக்க இடமுண்டா? இம்மூன்றுக்கும் ஆம் என்று சொல்லாதவரிடம் ஊர்ப் பணத்தைக் கொடுக்குமுன் ஒருமுறைக்கு இருமுறை ஆலோசிப்பது நலம்.

நான்காவதாக, எடுத்ததற்கு ஈடாகக் கொடுக்க வேண்டும். நிரல் எழுதத் தெரிந்தவர் எழுதட்டும். தெரியாதவர்க்கும் வேலை உண்டு. திரையில் வரும் ஆங்கிலச் சொற்களுக்கு ஏற்ற தமிழ்ச் சொல் தரலாம். மடை, மதகு, வரப்பு, பாத்தி என்று நூறு சொற்களை வழக்கில் வைத்திருக்கும் விவசாயி, சொல்லாக்குவோர்க்கு ஆசானாக விளங்கலாம். பழுது கண்டால் உரியவர்க்குத் தெரிவிக்கலாம். சங்கங்கள் தாம் மிச்சப்படுத்திய பணத்தில் ஒரு சிறு பங்கைப் பராமரிப்பவர்க்கு அனுப்பலாம்.

அன்பர்களே! நம் கிராமத்துப் பிள்ளைகள் பிறர் வெட்டித் தந்த துணியைத் தைப்பதில் தேர்ந்தவர்கள். அவர்கள் அளவு அட்டையையும் வரையக் கற்க வேண்டும் என்பதே எங்கள் வேண்டுகோள். அதற்கு வேண்டிய பாடம் தமிழில் இருக்கிறது. கருவி விலையின்றிக் கிடைக்கிறது. கற்பிக்க மனமுள்ளோர் விழுப்புரத்தில் இருப்பதுபோல் நம்மிடையேயும் இருப்பர். இடமும் ஊக்கமும் தருவது ஊராட்சியின் கையில் இருக்கிறது. வரும் கிராம சபைக் கூட்டத்தின் நடவடிக்கைகளில் இதனையும் ஒரு பொருளாகச் சேர்த்து விவாதிக்குமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறோம்.